மூலையில் அழுக்கு தங்கும்

ஐயோ தம்பி, துடைக்காதீங்க! வெச்சிருங்க. அப்படியே வெச்சிருங்க. அந்தக் கர்சீப்ப முதல்ல எடுங்க.

மன்னிச்சுக்குங்க, கத்திட்டேன். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. பஸ்ஸு திரும்புன வேகத்துல பை சாஞ்சு, பலகை கீழ விழுந்து, நீங்க எடுத்து, அழுக்கா இருக்குதேன்னு துடைக்கப் போனீங்க. யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க. இங்க குடுங்க, ஜன்னல் வெளிச்சத்துல பாத்துக்கறேன். இல்ல, ஒண்ணும் ஆகல. ஓரத்துல கொஞ்சம் மங்குன மாதிரி இருக்கு. அது முன்னயே அப்படித்தான்னு நினைக்கறேன். போகலீங்க.

பையில இன்னும் மூணு பலகை இருக்கு. அத எடுத்து நீங்க எப்படி வேணா துடைங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத மட்டும் தொடக் கூடாது.

தாராபுரம் வரைக்குமுங்களா? நானும் அங்கதான். சூலூரே இன்னும் வரல. கத்துனதுக்குக் காரணத்தச் சொல்லாம உங்க பக்கத்துல உக்காந்திருந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். சொல்லிடறேன்.

என் பேரு ஆறுச்சாமிங்க. சிங்காநல்லூர். வால்வு கம்பெனியில முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி செக்சன், இப்ப ரிட்டையர்டு. அடுத்தவன் வரைஞ்ச படத்தையும் அடுத்தவன் கடைஞ்ச பீஸையும் வெச்சு எங்க தப்புன்னு சொல்றதுதான் வேலை. அளப்பேன். சரியில்லேன்னா பின்னாடி சிவப்பு மார்க்கர்ல பெருக்கல் குறி, ஏன் ரிஜக்ட்டுன்னு ஒரு வரி, தேதி, கையெழுத்து. அப்பறம் அது சிவப்புப் பொட்டிக்குள்ள போயிரும், பொட்டியப் பூட்டிருவோம். ரிஜக்ட் பீஸ் வெளியில கெடக்கக் கூடாதுங்க. கெடந்தா எவனாச்சும் எடுத்து மாட்டிருவான். ஒருத்தன் அப்படி மாட்டுனான்னு அவன வேலைய விட்டே அனுப்ப வெச்சேன். நான் நடந்து வந்தா மிசின்ல நிக்கறவன் எல்லாம் சட்டைப் பொத்தானச் சரி பண்ணிக்குவான்.

வீட்டுலயும் அப்படித்தான் இருந்தேன். தோசை ஒரு பக்கம் கனமா இருந்தா சொல்லிருவேன். காப்பி ஆறியிருந்தா சொல்லிருவேன். ருக்குமணி, என் சம்சாரம், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. எடுத்துட்டுப் போயி வேற ஊத்திட்டு வருவா. தப்பத் தப்புன்னு சொல்றதுல என்னங்க இருக்குது? சொன்னாத்தானே அடுத்தது சரியா வரும்.

போன ஆடியில, வாசல்ல தண்ணி தெளிச்சுட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. பக்கவாதம். வலது கை, வலது கால் போச்சு. பேச்சும் போச்சு. நாம பேசறது அவளுக்குப் புரியும், கண்ணப் பாத்தாவே தெரியும். ஆனா வாயில இருந்து ஒரு சொல்லு வராது. எழுதிக் காட்டச் சொல்லி எடக்கையில பேனாவக் குடுத்தா கிறுக்கல்தான். எழுத்தே மறந்து போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்து, வாடகைக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் எடுத்து ஹால்ல போட்டேன். பாத்துக்கறதுக்கு அமலின்னு ஒரு பொண்ண வெச்சேன், காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும். நல்ல பொண்ணு. தினமும் தைலம் போட்டு அந்தக் கைய நீவி விடுவா.

பேச்சுப் பயிற்சி குடுக்கற மேடம் ஒருத்தங்க வாரத்துக்கு ஒருக்கா வந்தாங்க. அவங்கதான் சொன்னாங்க: எழுத்து இவங்களுக்குள்ளதான் இருக்கு, வழிதான் தொலைஞ்சு போச்சு, பள்ளமா வெட்டுன எழுத்து மேல தினமும் விரல ஓட்டட்டும், நீங்க கூட உக்காந்து, விரலப் புடிச்சு, வாய் விட்டுச் சொல்லிட்டே ஓட்டணும், கை வழியா வாய்க்கு வரும்னாங்க. எந்த வார்த்தை வெட்டறதுங்கன்னு கேட்டேன். வீட்டுல இவங்க ஒரு நாளைக்கு அதிகமாச் சொன்ன வார்த்தை எது, அதுல இருந்து ஆரம்பிங்கன்னாங்க.

எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ஏனுங்க. வேற என்ன!

நம்ம பக்கத்துல வீட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டாங்கல்லங்க? முப்பத்திமூணு வருஷம் எனக்கு அதுதான் பேரு. ஏனுங்க, பால்காரர் வந்திருக்காரு. ஏனுங்க, மழை வர்றாப்புல இருக்கு, துணிய எடுங்க. ஏனுங்க, ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தா முதல் கூப்பாட்டுக்குத் திரும்ப மாட்டேன். ரெண்டாவதுக்கும் மாட்டேன். மூணாவதுக்குத்தான் ம்ம்பேன். மூணு தடவ கூப்பிட்டா உண்மையாவே வேலை இருக்கும், ஒண்ணோட விட்டுட்டா சும்மாத்தான் இருக்கும். அப்படி ஒரு அளவு வெச்சிருந்தேன்.

சூலூர் வந்துருச்சுங்களா? ஏறட்டும், ஏறட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்துக்குங்க.

கடையில குழந்தைங்களுக்குன்னு பிளாஸ்டிக் பலகை விக்கறாங்க. பென்சில் முனைதான் போகும், விரல் எங்க போறது? கணபதியில சிராஜுன்னு ஒருத்தர், மரம், நைலான் எல்லாம் கம்ப்யூட்டர் மிசின்ல வெட்டித் தர்றவரு. அவர்கிட்டப் போனேன். டிராயிங் குடுங்க சார், வெட்டித் தர்றேன்னாரு. எப்படி வெட்டுவீங்க, என்ன டூல் போடுவீங்க, நான் ஒண்ணும் கேக்கல. மிசின்காரங்ககிட்ட நான் விளக்கம் கேட்டிருக்கேன், யோசனை கேட்டதே இல்லீங்க. அது என் பழக்கமில்ல.

எம் பொண்ணு ஓசூர்ல இருக்கா. யாரையாச்சும் வெச்சு வரைஞ்சுக்கலாம்ப்பா, அரை நாள் வேலைன்னா. அடுத்தவன் வரைஞ்சா அதுல தப்பு இருக்கும் கண்ணு, என் பொண்டாட்டிக்கு நானே வரையறேன்னுட்டேன். நல்ல பேச்சுத்தானுங்களே? சொல்லும்போது எனக்கே பெருமையா இருந்துச்சு.

காந்திபுரத்துல ஒரு பேக்கரிக்கு மேல மாடியில கிளாஸு. கேட்னு சொல்லுவாங்கல்ல, கம்ப்யூட்டர்ல வரையறது. முப்பது பசங்க, எல்லாம் டிப்ளமோ, இஞ்சினியரிங் முடிச்சதுக. நடுவுல நான். சொல்லிக் குடுக்கறது தாட்சாயணின்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க என்னை அங்கிள்ம்பாங்க, நான் அவங்கள மேடம்பேன். ரெண்டு பேருக்கும் அதுல கூச்சமில்ல.

முப்பத்தொரு வருஷம் படம் பாத்தவன், ஒரு கோடு போடத் தெரியலீங்க. சதுரம் போடச் சொன்னா நாலாவது மூலை சேராது. சேந்த மாதிரி தெரியும், பெருசு பண்ணிப் பாத்தா இத்தினி இடைவெளி இருக்கும். முதல்ல கம்ப்யூட்டர்ல இருக்கற எழுத்தையே எடுத்து வெட்டப் பாத்தேன். அது எழுத்தோட வெளிக்கோட்டத்தான் எடுக்குது. ஒரு ஏ போட்டா அதச் சுத்தி ரெண்டு கோடு வருது, விரல் எந்தக் கோட்டுல போகும்? அப்பறம் மேடம் சொல்லி, எழுத்துக்கு நடுவுல ஒத்தைக் கோடா நானே வளைச்சு வளைச்சுப் போட்டேன். ஏ, னு, ங், க. நாலு எழுத்துக்குப் பத்து நாளாச்சு.

அந்தக் கோட்டுக்குப் பன்னண்டு மில்லி அகலம், ஆறு மில்லி ஆழம் குடுத்து, சிராஜுகிட்டக் குடுத்தேன். கடையில கெடந்த வெள்ளை நைலான் துண்டுல வெட்டிக் குடுத்தாரு. அதுதான் இது. உங்க கையில இருந்தது.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வெளிச்சத்துல வெச்சுப் பாத்தனுங்க. பள்ளத்தோட அடி தட்டையா இருக்குது. சுவரு நேரா இறங்கி, அடியில ரெண்டு பக்கமும் மூலை. விரல் நுனி எப்படி இருக்கு? உருண்டையா இருக்கு. பள்ளமும் அடியில உருண்டையா இருந்தாத்தான் விரல் தானா நடுவுக்கு வரும், வழுக்கிட்டுப் போகும். மூலை இருந்தா விரல் அங்கயும் இங்கயும் அலையும். அதுவுமில்லாம மூலையில அழுக்குச் சேரும். நோவாளி தொடற பொருளு. என் விரல வெச்சு ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன். சரியில்ல.

ருக்குமணி கட்டில்ல இருந்து எடக்கைய நீட்டுனா. குடுன்னு கேக்கறா. இரு, இது ரிஜக்ட்டு, நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்னு சொன்னேன். பின்னாடி பெருக்கல் போட்டு, தேதி போட்டேன். செப்டம்பர் ஒம்பது. அமலிகிட்ட, இதக் குப்பையில போட்டுரும்மான்னு குடுத்துட்டு லேப்டாப்பத் திறந்தேன்.

அங்க இருந்துதான் என் கஷ்டம் ஆரம்பம். பள்ளத்தோட அடிய உருண்டையாக்கறது. இவ்வளவுதான். கேக்கறதுக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்களா? நாலரை மாசம் போச்சு.

முதல்ல, அடி மூலைய மழுக்கற கட்டளை ஒண்ணு இருக்குது, அதப் போட்டேன். அகலம் பன்னண்டு, அப்ப ரெண்டு பக்கமும் ஆறாறு மழுக்குனா நடுவுல முழு அரைவட்டம் வந்துரணுமல்ல? வரலீங்க. சிவப்பு எழுத்துல முடியாதுங்குது. அஞ்சே முக்கால் போட்டா வருது. அஞ்சு புள்ளி ஒம்பது போட்டா வருது. ஆறு போட்டா முடியாதுங்குது. அஞ்சு புள்ளி ஒம்பதுலயே விட்டுருங்க அங்கிள், நடுவுல புள்ளி ரெண்டு மில்லிதான் தட்டையா இருக்கும், தலைமுடி ரெண்டு கனம் கூட விரலுக்குத் தெரியுமான்னாங்க மேடம். விரலுக்குத் தெரியாதுங்க மேடம், எனக்குத் தெரியுமேன்னேன். பசங்க எல்லாம் கை தட்டுனாங்க. அன்னைக்கு அது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பறம் மேடம் வேற வழி சொல்லிக் குடுத்தாங்க. கோட்டோட ஆரம்பத்துல ஒரு வட்டத்த நிக்க வெச்சு, அத அந்தக் கோடு பூரா இழுத்துட்டுப் போறது. போற வழியெல்லாம் உருண்டையாக் குடைஞ்சுட்டுப் போகும். நேர்கோட்டுல அருமையா வந்துச்சு. ஏ வந்துச்சு. க வந்துச்சு. னுவுல போய் நின்னுக்குச்சு. அந்தச் சுழி இருக்குதுல்ல, அங்க கோடு சின்னதா வளையுது, என் வட்டம் அத விடப் பெருசு. திரும்பும்போது அதோட உடம்பு மேலயே அது மோதுது, அதனால முடியாதுங்குது. எத்தனை விதமாப் போட்டுப் பாத்தேன்! பதினெட்டு நாள். அந்தச் சுழி வரவே இல்ல.

கடைசியில அந்த வார்த்தையவே எடுத்துட்டேன். எழுத்தையே பெருசாக்குனா சுழி வரும்னு அப்பறம் தெரிஞ்சுதுங்க. ஆனா அதுக்குள்ள நான் வேற முடிவுக்கு வந்திருந்தேன். ஏனுங்கன்னு கூப்பிட்டு என்ன ஆகப் போகுது? கூப்பிட்டா, என்ன வேணும்னு சொல்ல வேண்டாமா? தண்ணி. சோறு. வலி. இதுதானே தேவை? அதனால அந்த மூணு வார்த்தை, மூணு பலகை.

பயிற்சி மேடம் வாராவாரம் கேப்பாங்க, பலகை வந்துதாங்க, கூட உக்காந்து ஓட்டறீங்களான்னு. பலகை சரியா இருந்தாத்தானுங்களே கூட உக்கார முடியும்? தாட்சாயணி மேடமும் ஒருக்காக் கேட்டாங்க, ஆன்ட்டி அந்தப் பழைய பீஸ்ல ஓட்டிப் பாத்தாங்களா அங்கிள்னு. சரியில்லாதத எப்படிங்க நோவாளிக்குக் குடுக்கறதுன்னேன்.

ஞாயித்துக்கெழமை கூட விடாம, காலைல ஒம்பதரைக்கு வண்டிய எடுத்தா, கிளாஸு ஒரு மணிக்கு முடியும், பசங்க போனப்பறமும் நான் ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்துக்குவேன், வீட்டுக்கு வர ஆறு, ஆறரை ஆகும். வந்து காப்பியக் குடிச்சுட்டு லேப்டாப்ப எடுத்து வெச்சுக்குவேன். அவளத் தனியா விட்டுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அவ கட்டிலுக்குப் பக்கத்துலயேதான் மேசை. பிளக் பாயிண்டு அந்தச் செவுத்துல இருந்ததால அவளுக்கு முதுகு காட்டித்தான் உக்கார வேண்டியிருந்துச்சு. அவளுக்கு என்ன, நான் பக்கத்துல இருக்கேன்னு தெரியுமல்ல.

பல்லடமுங்களா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. நானும் இப்பெல்லாம் வெளிய குடிக்கறதில்ல. சூடே இருக்கறதில்ல.

எங்க விட்டேன்? ஆங். பொங்கல் முடிஞ்சுது. பள்ளம் ஆரம்பிக்கற இடத்துலயும் முடியற இடத்துலயும் செவுரு மாதிரி நின்னுச்சு, அங்கயும் அரைப் பந்து மாதிரி குடையக் கத்துக்கிட்டேன். ஏழாவது தடவ வரைஞ்சதுல ஒரு தப்பு இல்ல. நானே என் படத்துல தப்புத் தேடுனேன், ரெண்டு நாள். கிடைக்கல. பென் டிரைவ்ல போட்டு சிராஜுகிட்ட எடுத்துட்டுப் போனேன்.

அவரு கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தாரு. அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி. சார், இதெல்லாம் யாரு உருண்டையாக் குடைஞ்சதுன்னாரு. நான்தான்னேன். எதுக்குங்க சார்னாரு. அடி உருண்டையா வேணும், அதுக்குத்தான்னேன்.

அவரு எந்திரிச்சுப் போயி ஒரு டப்பாவுல இருந்து ஒரு டூல எடுத்துட்டு வந்து என் உள்ளங்கையில வெச்சாரு. இத்தினி நீளம், நுனி பந்து மாதிரி உருண்டையா இருக்குது. "சார், நீங்க முதல்ல போட்டீங்களே ஒத்தைக் கோடு, அது போதுமுங்களே. இந்த டூல மாட்டிக் கோட்டு மேல ஓட்டுனா அடி தானா உருண்டையா வந்துரும். சுழியெல்லாம் அது பாட்டுக்குத் திரும்பும். நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வெட்டியிருப்பேன். தட்டையா வேணுமா உருண்டையா வேணுமான்னு நீங்க சொல்லவே இல்லையே" அப்படின்னாரு.

ஒரு நிமிஷ வேலைங்க. ஒரு கேள்வி.

அங்க கெடந்த பலகைக் கட்டு மேல உக்காந்துட்டேன். அவரு பயந்துட்டுத் தண்ணி குடுத்தாரு. வேப்பம்பலகை மூணு எடுத்து, பலகைக்கு இருபது நிமிஷம், ஒரு மணி நேரத்துல வெட்டிக் குடுத்துட்டாரு.

தம்பி, பையில இருந்து அந்த மரப்பலகைய எடுங்க. எடுங்க, பரவால்ல. விரல வெச்சு ஓட்டிப் பாருங்க. எப்படி? வழுக்கிட்டுப் போகுதல்ல? குறை சொல்ல முடியாதுங்க, சொல்லுங்க பாப்போம்.

அன்னைக்கு அதத்தான் கொண்டு போயி அவ மடியில வெச்சேன். தேதி இருபத்திநாலு. எடக்கையால வலது கையத் தூக்கி வெச்சு, வலது விரல தண்ணிங்கற எழுத்துல விட்டு ஓட்டுனா. தயங்காம ஓட்டுனா. எனக்கு ஆச்சரியம். இத்தனை நாள் பழக்கமே இல்லாம எப்படி இவ்வளவு நல்லாப் போகுதுன்னு, பாரு, அடி உருண்டையா இருந்தா எப்படிப் போகுது பாத்தியா அமலின்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அமலி தலையக் குனிஞ்சுக்கிட்டா.

ருக்குமணி மூணு பலகையவும் பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. என்னமோ தேடுனா. அப்பறம் ஓரமா நகத்தி வெச்சுட்டு, எடக்கையால மெத்தைக்கு அடியில காட்டுனா. என்ன, தலையணை உறுத்துதான்னு கேட்டுத் தலையணைய நேராக்கி வெச்சேன். இல்லேன்னு தலைய ஆட்டுனா. மறுபடியும் காட்டுனா. மெத்தைய இழுத்துச் சரி பண்ணுனேன். அவ கண்ண மூடிக்கிட்டா. அசதின்னு நினைச்சேன்.

ஒம்பது நாள், அப்பவும் கிளாஸுக்குப் போயிட்டுத்தான் இருந்தேன். பிப்ரவரி ரெண்டாந்தேதி மத்தியானம் மறுபடியும் வந்துச்சு. நான் பேங்குல இருந்தேன். அமலி போன் பண்ணுனா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சுருச்சு.

இல்ல, இல்ல, நீங்க சொல்லுங்க, பரவால்ல. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, ஐயா உங்களால முடிஞ்சதுக்கு மேலயே பண்ணுனீங்க, எவன் பண்ணுவான் இந்த வயசுலன்னு. காரியத்துக்கு வந்தவங்க எல்லாம் அந்த மூணு பலகையக் கையில வாங்கிப் பாத்து ஆச்சரியப்பட்டாங்க. நானும் அதக் கேட்டுக் கொஞ்சம் ஆறிட்டேன்.

பதினாறு முடிஞ்சு, கட்டில எடுத்துட்டுப் போக ஆளுங்க வந்தாங்க. மெத்தையச் சுருட்டும்போது டக்குனு ஒண்ணு தரையில விழுந்துச்சு. வெள்ளை நைலான். குப்புற விழுந்ததுனால பின்பக்கம்தான் தெரிஞ்சுது. சிவப்புப் பெருக்கல். என் கையெழுத்து.

எனக்கு முதல்ல என்ன வந்துச்சு தெரியுமுங்களா? கோவம். ரிஜக்ட் பீஸு எப்படி வெளிய கெடக்குதுன்னு. அவ போயி பதினாறு நாள், எனக்கு அந்தக் கோவம்தான் முதல்ல வந்துச்சு. அப்பறம்தான் திருப்பிப் பாத்தேன்.

இப்பப் பாருங்க. தூரத்துல இருந்தே பாருங்க. விரல் போற நடுப்பாதை, வழவழன்னு பளிங்கு மாதிரி தேஞ்சிருக்குது. நைலானு அது, லேசுல தேயாது. ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்ற தேய்மானமில்ல, எனக்குத் தெரியும், எத்தனை பீஸ் பாத்திருக்கேன். ரெண்டு ஓரத்து மூலையிலயும், பாத்தீங்களா, கறுப்பா? அது அமலி போடற தைலம், மஞ்சள், விபூதி, அவ கைவேர்வை. எல்லாம் சேந்து மூலையில உக்காந்திருக்குது. ஏ-யில ஆரம்பிச்சுக் க வரைக்கும்.

அமலிக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு எடுத்ததுமே அழுதுட்டா. "திட்டாதீங்கய்யா. நீங்க குப்பையில போடச் சொன்னீங்க. அம்மா கைய நீட்டிப் புடுங்கிக்கிட்டாங்க. காலைல நீங்க வண்டிய எடுத்துட்டு வெளிக்கதவச் சாத்துற சத்தம் கேட்டா, மெத்தைக்கு அடியில இருந்து எடுத்துக் குடுன்னு காட்டுவாங்க. நீங்க போறப்ப ஆரம்பிச்சா மத்தியானம் சோத்துக்குத்தான் நிறுத்துவாங்க. சாயங்காலம் உங்க வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டதும் உள்ள வெச்சுருவாங்க."

எதுக்கு ஒளிக்கணும்னு கேட்டேன். "பெருக்கல் போட்டிருந்துச்சுங்களேய்யா"ன்னா.

இன்னொண்ணும் சொன்னா. கார்த்திகை கடைசியில இருந்து அம்மாவுக்குச் சத்தம் வர ஆரம்பிச்சுதுங்கய்யான்னா. ஏ... ஏ-ன்னு. அப்பறம் ஏனு வரைக்கும் வந்துதாம். ஐயா வந்ததும் சொல்லிக் காட்டுங்கம்மான்னு அமலி சொல்லியிருக்கா. இவ எடக்கைய ஆட்டி வேண்டாம்னுட்டா. "முழுசா வரட்டும்னு நினைச்சாங்களோ என்னமோங்கய்யா, பாதி வந்ததக் காட்டுனா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு" அப்படின்னா அந்தப் பொண்ணு.

அது அவ யூகம்தானுங்களே. ருக்குமணி அப்படிச் சொன்னாளா என்ன, அவளுக்குத்தான் பேச்சே இல்லையே. சின்னப் பொண்ணு, எதையோ நினைச்சுச் சொல்லுது. நான் அப்படிப்பட்ட ஆளா, சொல்லுங்க?

செப்டம்பர் ஒம்பதுல இருந்து பிப்ரவரி ரெண்டு, நூத்தி நாப்பத்தாறு நாள். அத்தனை நாளும் அவ என்னையக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கா. பக்கத்துல நான் இல்ல. சாயங்காலம் இருந்தேன், ஆனா அப்ப அவ கூப்பிடறத நிறுத்திட்டா. நெஞ்சு தாங்கலீங்க தம்பி. ராவுல, பகல்ல, எப்ப நினைச்சாலும் தாங்கல. ஒரே ஒரு நாள் கிளாஸுக்குப் போகாம வீட்டுல இருந்திருந்தா கேட்டிருப்பேன். காய்ச்சல்னாச்சும் ஒரு நாள் படுத்திருக்கக் கூடாதா நான்?

நான் ஒரு நாளும் லீவு போட்டதில்லீங்க.

இந்த மூணு மரப்பலகையவும் பயிற்சி மேடம் கேட்டாங்க. தாராபுரத்துல இந்த மாதிரி நோவாளிங்கள வெச்சுப் பாத்துக்கற இல்லம் ஒண்ணு இருக்காம், அங்க குடுக்கச் சொன்னாங்க. குடுத்துட்டு வர்றேன். எத்தனை பேர் தொட்டாலும் அதுல ஒண்ணும் ஒட்டாது, துடைச்சா போயிரும். உருண்டை அடி அப்படித்தான். அதுக்குத்தானே நான் அவ்வளவு பாடுபட்டேன். அவ ஒம்பது நாள் மடியில வெச்சிருந்தா, பாருங்க, அதுல அவ தொட்டதுக்கு ஒரு அடையாளமில்ல.

இதுல இருக்குது. மூலை இருக்கறதுனால இருக்குது.

இந்தாங்க, ஓரத்த மட்டும் புடிச்சுத் திருப்பிப் பாருங்க. பின்னாடி எழுதியிருக்கறதப் படிங்க. பெருக்கல் குறிக்குக் கீழ. என் கையெழுத்து கோழி கிளறுனாப்புல இருக்கும், படிக்க முடியுதா? ஆமாங்க. "அடி தட்டை. மூலையில் அழுக்கு தங்கும். ரிஜக்ட்." ஆமா. நான் எழுதுனதுதான்.

முப்பத்தொரு வருஷத்துல ஒரு ரிஜக்ட்டயும் திரும்ப எடுத்து பாஸ் போட்டதில்ல. நேத்துச் சாயங்காலம் பேனாவ எடுத்தனுங்க. பெருக்கல அடிச்சுட்டு, பாஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருவோம்னு. கை ஓடல. இதுக்கு பாஸ் போட நான் யாருங்க?

மெத்தைக்கு அடியில இருந்து கெடச்சதுக்கப்பறம் பள்ளத்துல விரலும் இன்னும் வெச்சுப் பாக்கல நானு. வெச்சா என் கை அழுக்கும் அதுல சேந்துக்கும். அப்பறம் எது அவளுது, எது என்னுதுன்னு தெரியாமப் போயிரும். கர்சீப்புல சுத்தி வெச்சுக்கறேன். குடுங்க. மெதுவா.

குண்டடம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். நீங்க எங்க இறங்கறீங்க, பஸ் ஸ்டாண்டா, இல்ல முன்னாடியே...

ஆ? என்னங்க?

இல்ல. ஒண்ணுமில்லீங்க. பின்னாடி சீட்டுல அந்தம்மா அவங்க வீட்டுக்காரரக் கூப்பிடறாங்க. ஜன்னலச் சாத்தச் சொல்றாங்க போல. அவரு தூங்கறாரு, மறுபடியும் கூப்பிடறாங்க பாருங்க.

எனக்கு ஒரு கூப்பாட்டுலயே கேட்டுருச்சு தம்பி. திரும்பிட்டேன்.